இன்றைய கைலாசம்

செத்துப்போன பிறகும் சண்முகவடிவு அக்கா தன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை என்பது எங்கள் பண்டகசாலைத் தெருவில் யாருக்கும் பெரிய விஷயம் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், உப்பு லாரிகள் எல்லாம் போய், மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்து, குழாயடியில் குடங்களின் சத்தமும் அடங்கிய பிறகு, பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டு நடையிலிருந்து "ஏல கைலாசம்... சோறு ஆறுது... வால..." என்று குரல் வரும். உயிரோடு இருந்தபோது எப்படி வந்ததோ அப்படியே, முதலில் செல்லமாக, அப்புறம் கொஞ்சம் அதட்டலாக, அப்புறம் இன்னும் எங்கே சுற்றுகிறானோ என்ற கவலையோடு வரும். அந்த நேரத்தில் பால் காய்ச்சுகிறவர்கள் பால் காய்ச்சுவார்கள், டிவி பார்க்கிறவர்கள் சத்தத்தைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று கேட்கிற பேய்க்கு யார் பயப்படுவார்கள்? உயிரோடு இருக்கிறவர்களே இப்போதெல்லாம் கேட்காத கேள்வி அது.

நான் செண்பகம். அந்த வீட்டுக்கு நேர் எதிர் வீடு. முன்பக்கம் மாவு மில், பின்பக்கம் குடித்தனம். கல்யாணமாகி நான் நெடுங்கரைக்கு வந்த நாளிலிருந்து அக்காவை எனக்குத் தெரியும். ஒரே மழைக்காலத்தில் தகப்பனையும் தாயையும் காய்ச்சல் கொண்டுபோக, இடுப்பில் இருந்த தம்பியைக் கீழே இறக்காமலே வளர்த்தவள். உப்பளத்தில் வாரி வாரி உள்ளங்கை வெடித்து, அந்த வெடிப்பில் மறுபடியும் உப்பு ஏறி, அதே கையால் அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தவள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பியும் எங்கூட வருவான்" என்று சொல்லி, அதைக் கேட்டு அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, அதற்காக ஒரு நாளும் முகம் வாடாதவள். கைலாசம் தெருக்கோடியில் உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் இருட்டும்வரை பந்து விளையாடுவான். அக்கா வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், கிட்டங்கிச் சுவரையும் தாண்டிப் போய் அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

அவன் படிக்கப் போனான், படித்து முடித்து வேலைக்கென்று பூனாவுக்குப் போனான். அக்கா கூப்பிடுவதை நிறுத்தவில்லை. "பழக்கம் விடமாட்டேங்கு செண்பகம்" என்று சிரிப்பாள். அவனுக்கென்று போட்ட சோற்றை அந்த வழியாகப் போகிற யாராவது சாப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் அவன் அவளைப் பூனாவுக்குக் கூட்டிப்போனான். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். அங்கே வாசலில் நின்று சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவானாம். அதன் பிறகு போன்தான். எப்போது கேட்டாலும் "லீவு கெடச்சதும் வாரேன்க்கா" என்பான். லீவுகள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவன் மகள் சிம்லாவில் பனியில் நிற்கிற படத்தை அக்கா என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். எவ்வளவு உப்பு என்று நினைத்ததாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சித்திரை வெயிலில் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கைலாசம் விமானத்தில் வந்து கொள்ளி வைத்தான், போனான். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி வந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கார் ஏறினான். சாயங்காலம் வரை இருந்திருந்தால் கேட்டிருப்பான். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அக்கா முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. என்ன பதில் சொல்வது? விடியும்வரை கூப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. கவலை அழுகையாகி, அழுகை விக்கலாகி, கேட்கச் சகிக்கவில்லை. நாய்கள்கூட குரைக்காமல் காதை மடக்கிப் படுத்துக் கிடந்தன. அப்படி ஒரு நாள், கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற மாசானமுத்து, வழக்கம்போல நிறைய ஊற்றிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வந்தவன், அந்த வாசலில் நின்று, "வந்துட்டேன், வந்துட்டேன், எதுக்கு இப்படித் தொண்டையக் கிழிக்க?" என்று கத்தினான்.

குரல் நின்றது.

"வாய்க்கு வாய் பேசாத. கையக் கழுவிட்டு வா" என்றது குரல்.

மாசானமுத்து என் மில் வாசலில் இருந்த வாளியில் கை கழுவினான். "இன்னைக்கு என்னல நடந்துச்சு?" என்று கேட்டது குரல். அவன் பெண்டாட்டி மகளைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவனிடம் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. படியில் உட்கார்ந்தான். மூட்டை சரிந்து தோளில் விழுந்ததைச் சொன்னான், மேஸ்திரி திட்டியதைச் சொன்னான், மகள் முகம் மறந்துகொண்டே வருகிறது என்பதைச் சொல்லும்போது அழுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட்டுப் படு. நாளைக்குக் குடிச்சிட்டு வந்தேன்னா நடையேத்த மாட்டேன்" என்று சொல்லி அடங்கியது. நம்பினால் நம்புங்கள், அதற்கப்புறம் அவன் குடித்துவிட்டு அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை.

மறுநாள் வேறொருவர் போய்ச் சொன்னார், அதற்கு மறுநாள் நான் சொன்னேன். ஆணா பெண்ணா, கிழமா குமரியா என்று அக்கா பார்க்கவில்லை. கைலாசமாக நின்று "வந்துட்டேன்க்கா" என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால்தான் வம்பு. எங்கள் தெரு டீச்சர் ஒரு நாள் தானே போய் நின்று, "அம்மா, உங்கள் தம்பி பூனாவில் இருக்கிறார், நீங்கள் காலமாகிவிட்டீர்கள்" என்று உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொன்னார். அன்றைக்கு விடியும்வரை தெருவில் ஒருத்தரும் தூங்கவில்லை. டீச்சரோடு ரொம்ப நாள் யாரும் பேசவும் இல்லை.

அப்புறம் பலசரக்குக் கடை ரெத்தினம் அண்ணாச்சி எல்லோரையும் கூட்டி முறை வைத்தார். அக்காவின் செம்பு ஒன்று இருந்தது, கைலாசத்துக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிற செம்பு. அது வீடு வீடாகப் போகும். யார் வீட்டில் செம்பு இருக்கிறதோ அவர்தான் இன்றைய கைலாசம். சாயங்காலம் செம்பில் தண்ணீரும் தட்டில் சோறுமாகப் போய்ப் படியில் நிற்க வேண்டும்; கூப்பிட்டதும் பதில் சொல்ல வேண்டும்; தண்ணீர் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும்படி கை கழுவ வேண்டும்; அவள் கேட்கும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. இப்படியாக அக்காவின் கைலாசம் இத்தனை வருஷத்தில் பத்தாம் வகுப்பில் தோற்றான், மறுபடி எழுதித் தேறினான், இரட்டைப் பிள்ளை பெற்றான், கர்ப்பப்பை எடுத்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றான், கண்ணில் புரை எடுத்துக்கொண்டான், காதலித்து ஓடிப்போய்த் திரும்பி வந்தான், மாமியாரோடு சண்டை போட்டான். அக்கா எதையும் ஏன், எப்படி என்று கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சொல் இருந்தது. கைலாசத்துக்கு நடக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான், அவன் பூனாவுக்குப் போகவே இல்லை.

எனக்கும் ஒன்று நடந்தது. மார்பில் ஒரு கட்டி. திருப்பூரில் இருக்கிற என் இரண்டு மகன்களிடமும் சொல்லவில்லை, போனை எடுத்தால்தானே சொல்வதற்கு. என் முறை வந்த அன்று படியில் உட்கார்ந்து அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போற. போகாம வந்து நின்னேன்னா சோறு கெடையாது, பாத்துக்க" என்றாள். போனேன். அதனால்தான் இதை இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாதிரியார் வந்து கேட்டுவிட்டு இது எங்கள் ஆள் இல்லை என்று போனார். பூசாரி வந்து கேட்டுவிட்டு, கேட்பது சோறுதானே, கிடாய் இல்லையே என்று போனார். டிவிக்காரர்கள் மைக்கைக் கதவில் சாய்த்து வைத்துப் பதிவு பண்ணினார்கள். போட்டுப் பார்த்தால் அதில் கொசுச் சத்தமும் ரெத்தினம் அண்ணாச்சி இருமுவதும்தான் இருந்தது. வெளியூரில் பெண் எடுக்கும்போது தொடக்கத்தில் விஷயத்தை மறைத்தார்கள். அப்புறம், மருமகளைச் சாப்பிட்டாயா என்று அதட்டிக் கேட்க ஆள் இருக்கிற தெரு என்று அதையே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கைலாசத்துக்குச் சொல்லாமல் இல்லை. ஆரம்பத்திலேயே ரெத்தினம் அண்ணாச்சி போன் பண்ணினார். "யாரோ செல்போன்ல பதிஞ்சு வச்சு விளையாடுதாங்க அண்ணாச்சி, போலீஸ்ல சொல்லுங்க" என்று அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் நம்பாதது எங்களுக்கு வருத்தமா என்று கேட்டால், இல்லை, நிம்மதி. உள்ளபடிக்குக் கைலாசமே வந்து நின்று "வந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவள் எதற்காகக் கூப்பிட வேண்டும்? தேடியது கிடைத்துவிட்டது என்று போய்ச் சேர்ந்துவிட மாட்டாளா? அந்தப் பயம் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த வருஷம் கோடை விடுமுறையில் அவன் வந்தான். வெள்ளைக் கார், அரைக்கால் டவுசர், கறுப்புக் கண்ணாடி. கூட அவன் மனைவி ஹேமலதா, அவளுக்கு ஊர் கோயம்புத்தூர், நல்ல மாதிரி. மகள் தாரிணி, வளர்ந்த பெண், காதில் வெள்ளையாக ஏதோ செருகியிருந்தாள். ராமேஸ்வரம் பார்த்தாயிற்றாம், அடுத்து கன்னியாகுமரியாம், நடுவில் அப்பா வளர்ந்த ஊரையும் பார்த்துவிடலாம் என்று ஒரு எட்டு வந்தார்களாம். ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் அக்கா.

"மதினி, நல்லா இருக்கீங்களா?" என்று மில்லுக்குள் வந்து நின்றான். நெற்றிக்கு மேலே முடி போய்விட்டது. கண் மட்டும் அக்காவின் கண்.

"வா தம்பி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று சாவியைக் கொடுத்தேன்.

வீட்டைத் திறந்து மகளுக்குக் காட்டினான். இங்கேதான் படிப்பேன், இங்கேதான் படுப்பேன், இந்த ஆணியில்தான் பள்ளிக்கூடப் பை தொங்கும். "இவ்வளவு சின்னதா இருக்கு, அத்தை எங்க படுப்பாங்க?" என்று அந்தப் பெண் கேட்டது. அவன் சுற்றிப் பார்த்தான். அக்கா நடையில் படுப்பாள், வாசலில் தலை வைத்து. நான் வெளியிலிருந்தே சொன்னேன்.

அப்புறம் வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனான். கடையில் எல்லாம் புதுமுகம். தன்னைத் தெரியவில்லை என்றதும் அவனே, "நான் கைலாசம், சண்முகவடிவு தம்பி" என்று சொல்லியிருக்கிறான். கடை முழுக்கச் சிரிப்பு. "இன்னைக்கு ஒங்க முறையா? மாசானமுத்து முறைன்னுல்லா சொன்னாவ" என்றிருக்கிறான் டீ ஆற்றுகிறவன். "நானும் கைலாசந்தான் சார், போன வெள்ளிக்கிழமை" என்றிருக்கிறான் பெஞ்சில் இருந்த ஒருத்தன். "எம் பொண்டாட்டி நாளைக்கு" என்றிருக்கிறான் இன்னொருத்தன். அவர்கள் கேலி பண்ணவில்லை, எங்கள் தெருவில் அது சாதாரணப் பேச்சு. ஆனால் அவனுக்கு முகம் செத்துவிட்டது. டீயைக் குடிக்காமல் நேரே என்னிடம் வந்தான்.

"மதினி, அப்போ அது நெசந்தானா? அக்கா கூப்புடுதாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. "வெயில்ல வந்திருக்க தம்பி, பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டுத் திருச்செந்தூர் போ. சாயங்காலம் கடற்கரை நல்லா இருக்கும்" என்றேன்.

"நான் எங்கயும் போகல."

ஹேமலதா அவன் தோளைத் தொட்டு, "ரூம் புக் பண்ணியிருக்கோம்ங்க" என்றாள், மெதுவாகத்தான். அவன் திரும்பியே பார்க்கவில்லை.

ரெத்தினம் அண்ணாச்சி கடை முன்னால் தெரு கூடிவிட்டது. மாசானமுத்து செம்பை மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். அவன் இந்த முறைக்காக எப்படிக் காத்திருந்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் மகள் தூத்துக்குடியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தாள், அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று. கிட்டங்கியில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு நடந்தான்.

"செம்பக் குடுங்க" என்றான் கைலாசம். "எங்க அக்கா. என் பேரச் சொல்லித்தான் கூப்புடுதா."

"கூப்பிடும்போது எங்க இருந்திய?" என்று ஒரு பெண் பின்னாலிருந்து கேட்டாள். அவள்தான் இரட்டைப் பிள்ளை பெற்றவள். "என் பிள்ளைகளுக்கு மாந்தம் வந்தப்ப வசம்பு உரசச் சொன்னது அக்கா. ஒங்க வீட்டம்மாவுக்கா சொன்னாவ?"

"நீரு ஒரு வாட்டி பதில் சொல்லிட்டுக் கார் ஏறிருவீரு" என்றார் ரெத்தினம் அண்ணாச்சி. "அதோட அவ அடங்கிட்டான்னா? நாங்க யாருகிட்டப் போய் நிக்க?"

கைலாசம் டவுசர் பையில் கையை விட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பிள்ளை மாதிரிதான் இருந்தது. இவனுக்காக இரக்கப்படக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மாசானமுத்துதான் எழுந்து வந்தான். செம்பைத் துண்டால் துடைத்தான், இரண்டு கையாலும் நீட்டினான்.

"பிடியும். உள்ளவன் வந்திருக்கும்போது நான் போய் நின்னா அது களவுல்லா" என்றான்.

அவன் போய்ச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கைலாசத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. வராமலே இருந்துவிட்டு, வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறானே என்று வயிறு எரிந்தது.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. தெருவே வாசல்களில் நின்றது. ஹேமலதாவுக்கு என் வீட்டு நாற்காலியைப் போட்டேன், அவள் உட்காரவில்லை. தாரிணி போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள், அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கைலாசம் எங்கேயோ வேட்டி வாங்கிக் கட்டியிருந்தான். படியில் நின்றான், கையில் செம்பு, பக்கத்தில் நான் போட்டுக் கொடுத்த தட்டுச் சோறு. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. குடங்கள் அடங்கின.

"ஏல கைலாசம்... சோறு ஆறுது... வால..."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்புத் தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது.

"வந்துட்டேன்க்கா."

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கையைக் கழுவிட்டு வா என்று அவள் சொல்லிவிட்டு, ஒரேயடியாக அடங்கிப்போகப் போகிறாள் என்று காத்திருந்தோம். இரட்டைப் பிள்ளைக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏல கைலாசம்... எங்கல இருக்க... வால..."

கேட்கவில்லையோ என்று அவன் இன்னும் பக்கத்தில் போனான். "வந்துட்டேன்க்கா!" என்றான். செம்பைச் சாய்த்துச் சத்தம் கேட்கிற மாதிரி கை கழுவினான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "நாந்தான்க்கா, கைலாசம். கிட்டங்கிச் சுவர்ல ஏறி விழுந்து முட்டு பிளந்தப்போ என்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனியே, அந்தக் கைலாசம்" என்று வேட்டியைத் தூக்கி, மூடிக் கிடக்கிற கதவுக்கு முழங்கால் தழும்பைக் காட்டினான். ரெத்தினம் அண்ணாச்சிக்கே மனது பொறுக்கவில்லை. "பதறாத தம்பி, நாங்க சொல்லுத மாதிரி சும்மா இயல்பாச் சொல்லு" என்று எடுத்துக் கொடுத்தார். அவன் எங்களை மாதிரியே சொல்லிப் பார்த்தான். தன் அக்காவுக்குத் தன்னைப் போலவே பதில் சொல்ல எங்களிடம் பாடம் கேட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அதட்டல் கவலையானது. கவலை, டீச்சர் போய் நின்ற அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் கேட்டே இராத அழுகையானது. "இருட்டிப் போச்சே... பிள்ளையக் காணுமே... ஏல கைலாசம்..."

"இங்கதான்க்கா நிக்கேன்! உன் வாசல்லதான் நிக்கேன்!" என்று கதவில் இரண்டு கையாலும் அறைந்தான்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அவள் போகவில்லை, எங்களை விட்டுப் போகவில்லை, இவனை அவளுக்குத் தெரியவில்லை, எங்களைத்தான் தெரிகிறது என்று நினைத்தேன். அந்தக் குளிர்ச்சி ரொம்ப நேரம் நிற்கவில்லை. என் கட்டியைப் பற்றிச் சொன்னபோது பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாளே, அன்றைக்கும் "கைலாசம், பயப்படாதல" என்றுதான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது என்னைச் செண்பகம் என்று கூப்பிட்டதில்லை. எனக்குக் கிடைத்தது எதுவும் எனக்காகக் கிடைத்தது இல்லை. அவனுக்கு வந்ததுதான், அவன் இல்லாததால் எங்களுக்கு வந்தது.

அழுகை விக்கலாக மாறியது. மாசானமுத்து சுவரோரம் குத்தவைத்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கைலாசம்தான் கதவிலிருந்து திரும்பினான். முகமெல்லாம் நனைந்திருந்தது. படி இறங்கி வந்து செம்பை அவன் முன்னால் வைத்தான்.

"நீங்க சொல்லுங்க" என்றான். "அவளுக்குத் தொண்டை வலிக்கும்."

மாசானமுத்து எழுந்தான். செம்பில் தண்ணீர் இல்லை. என் வாளியில் மொண்டுகொண்டு போனான்.

"வந்துட்டேன்க்கா."

விக்கல் நின்றது. "எங்கல போன இவ்வளவு நேரம்? உசிரு போயி உசிரு வந்துச்சு. கையக் கழுவு" என்றாள் அக்கா. தண்ணீர் விழுந்தது. "இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மாசானமுத்து ஒருமுறை கைலாசத்தைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கதவைப் பார்த்து, "பேத்தி பொறந்திருக்குக்கா. மக வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கா" என்றான்.

"அப்படியா ராசா!" அக்காவின் சிரிப்பை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கைலாசமும் கேட்டான். "வெறுங்கையோட போயிராத. பேத்தி நாக்குல சேனை தொட்டு வைக்கணும். பிள்ள யாரு சாடை?"

"பாக்கலியே இன்னும். ஒன் சாடையாத்தான் இருக்கும்."

"சரி, சாப்பிட்டுப் படு" என்றாள். எப்போதும் அதோடு அடங்கிவிடுவாள். அன்றைக்கு அடங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் தணிந்த குரலில், வீட்டு ஆளிடம் விருந்தாளி காதில் விழாமல் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"ஏல, வாசல்ல யாரு நிக்கா? பெண்டு பிள்ளையோட வந்திருக்காவ போல. வெளியூருக்காரங்க மாதிரி தெரியுது. பாவம், சாப்பிடாம அனுப்பிராத."

அதற்கப்புறம் சத்தம் இல்லை.

தெரு மெதுவாகக் கலைந்து உள்ளே போனது. நான் பாய் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் விரித்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் காதில் செருகியிருந்ததை எடுத்துப் பையில் போட்டிருந்தது. கைலாசத்தின் கையில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். சோறு ஆறிப்போயிருந்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். அவன் பிசைந்தான், ஒரு வாய் வைத்தான், மென்றுகொண்டே இருந்தான், இன்னொரு வாய் வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்றேன்.

"போதும் மதினி, வயிறு நெறஞ்சிட்டு."

வெளியூரிலிருந்து வந்தவர்களை ஒரு தடவை கேட்டதோடு விடுவது எங்கள் தெருவில் வழக்கம் இல்லை. கரண்டியோடு குனிந்து இன்னொரு தடவை கேட்டேன்.